அரை மைல் கொசுவம்

வெம்பூர்ப்பட்டி மாதர் மன்ற ஆண்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டி நடந்த அன்றைக்கு, ஊருக்கும் காலனிக்கும் நடுவில் கிடந்த அரை மைல் தரை மடிந்து உள்ளே போய்விட்டது என்று சொன்னால், எங்கள் பக்கத்தில் யாரும் அது எப்படி என்று கேட்கமாட்டார்கள், எந்தப் பக்கம் முதலில் இழுத்தது என்றுதான் கேட்பார்கள், அதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கமாட்டார்கள், சண்டைக்காகக் கேட்பார்கள், ஆகவே அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்தான் இழுத்தது, இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை, யாருடைய காலும் நகரவில்லை, கயிறும் அறவில்லை, வேறு வழியில்லாமல் தரைதான் வரவேண்டியிருந்தது.

ஊர் வடக்கே, காலனி தெற்கே. பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய் மூன்றும் ஊரின் தென்கோடியில் வரிசையாக நிற்கும். காலனி ஆட்கள் ஊருக்குள் நுழையாமலே வந்து காரியத்தை முடித்துக்கொண்டு போகட்டும் என்ற பெரிய மனதோடு அங்கே வைக்கப்பட்டவை அவை. காலனியில் காலனி மட்டும்தான் இருந்தது. அங்கேயும் குழாய் வரும் என்று ஒரு குழி தோண்டிப் போட்டார்கள், குழியில் ஆடு குட்டி போட்டது, அத்தோடு சரி. இரண்டுக்கும் நடுவில் அரை மைலுக்கு வறண்ட கண்மாயும் கருவேலங்காடும் ஒரு காலத்தில் தார் ரோடாக இருந்த ஏதோ ஒன்றும் கிடந்தன. அந்த நடுவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் கட்டுவது என்று முடிவாகாமல் போன காரணத்தால், எங்கள் மாதர் மன்றக் கட்டடம் நின்றது.

மன்றத்தில் இரண்டு தையல் மெஷின், சிவப்புக் காய் தொலைந்து அதற்குப் பதில் ஒரு கோட்டுப் பொத்தானை வைத்து ஆடப்படும் கேரம் போர்டு, விவசாயச் செய்தி மட்டும் எடுக்கும் ரேடியோ, இரண்டு தண்ணீர்ப் பானை இருந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம் கூட்டம். பொங்கலுக்குக் கும்மி, ஆடியில் கோலப் போட்டி, வருசத்துக்கு ஒருமுறை கண்மையில் மீசை வரைந்துகொண்டு பெண்களே ஆண்களாக வந்து பெண்டாட்டியை அடிக்கிற மாதிரி ஒரு நாடகம். ஊர்ப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கை வெட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பானை இரண்டு. எந்தப் பானை யாருடையது என்று யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். எழுதி வைத்த சட்டமாக இருந்தால் எரிக்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். எழுதாத சட்டத்தை எங்கே போய் எரிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

மன்றத் தலைவி கோதை அத்தை, என் அப்பாவின் தங்கை. செயலாளர் சண்முகத்தாய், காலனி. தையல் சொல்லிக்கொடுத்தது சண்முகத்தாயின் மகள் தவமணி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், கத்தரிக்கோலைப் பிடித்தால் துணி தானாகவே வழிவிடும். காஜா எடுப்பதிலும் கேசரி கிண்டுவதிலும் அவளை மிஞ்ச இரு பக்கத்திலும் ஆள் கிடையாது.

எப்போதும் கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும்தான் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். அந்த வருசம் யாரோ ஒருத்தி, யார் என்று இன்றுவரை தெரியவில்லை, ஊரும் காலனியும் இழுத்தால் என்ன என்று கேட்டாள். கேட்டது ரெங்கராஜு மாமா காதுக்குப் போனது. மாமா கோதை அத்தையின் வீட்டுக்காரர், ஊர்க் கமிட்டித் தலைவர், எதற்கும் சட்டென்று கோபப்படாதவர். கோபப்படாமலே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"விளையாடுங்க, நான் வேண்டாங்கல," என்றார் மாமா. "ஆனா எட்ட நின்னு விளையாடுங்க."

இதை நம் பெண்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

"எட்டன்னா எம்புட்டு தூரம்?" என்று சண்முகத்தாய் கேட்டாள்.

"அதச் சொல்லலையே மனுசன்," என்றாள் அத்தை.

"பெறகு ஒரு குத்தம் வரக்கூடாது பாருங்க தலைவரம்மா. ஊருக்காரவுக ஊரு எல்லையில நிக்கட்டும், நாங்க எங்க எல்லையில நிக்கோம். அதுக்கு மேல எட்டன்னா நாங்க விளாத்திகுளத்துக்குத்தான் போகணும்."

அரை மைல் நீளக் கயிற்றுக்கு எங்கே போவது? கிணற்றுக் கயிறு வந்தது, மாட்டுக் கயிறு வந்தது, லாரித் தார்ப்பாய் கட்டுகிற கயிறு வந்தது, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்து தொட்டில் சேலைகள் வந்தன, துணி காயப்போடுகிற கொடிகள் வந்தன, அந்த ஒரு வாரம் இரு பக்கமும் ஈரத்துணியை முள்ளுச்செடி மேல்தான் காயப்போட்டார்கள். ஊர்க் கயிற்றோடு காலனிக் கயிறும் காலனிச் சேலையோடு ஊர்ச் சேலையுமாக முடிந்து முடிந்து, கண்மாயில் இறக்கி, கருவேலங்காட்டில் நுழைத்து, மன்றத்தின் வடக்கு ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, தெற்கு ஜன்னல் வழியாக வெளியே எடுத்து நீட்டினார்கள். உள்ளே தவமணி, பரிசளிப்புக்குக் கேசரி கிண்டியபடி, தலைக்கு மேல் போகும் கயிற்றில் கரித்துணியைத் தொங்கவிட்டிருந்தாள்.

இத்தனை தூரத்தில் நின்றால் ஒரு பக்கத்துக்கு மறு பக்கம் தெரியாது. எனவே நடுவர் பி.டி. மாஸ்டர் ஞானதுரை தன் மொபெட்டோடு மன்றத்தின் பக்கத்தில் நின்று விசில் ஊதுவார், அதைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நீளமாக ஒரு விசில் அடித்தால் ஆரம்பம், விர் விர் என்று ரெட்டை விசில் அடித்தால் நிறுத்தம். மாஸ்டர் இதை எல்லோருக்கும் தெளிவாகச் சொன்னார், எல்லோரும் தெளிவாகத் தலையாட்டினார்கள். ஆனால் வெம்பூர்ப்பட்டிப் பெண்கள் ஆயுசு முழுக்க டவுன் பஸ்ஸில் போகிறவர்கள். ரெட்டை விசிலுக்கு அவர்கள் உடம்புக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: போலாம், ரைட்.

அன்றைக்கு வெயில் சாய ஆரம்பித்த நேரம் மாஸ்டர் நீளமாக ஊதினார், நாங்கள் இழுத்தோம். கயிறு கொஞ்சம் வந்தது, கொஞ்சம் போனது, பிறகு இரும்பு மாதிரி விறைத்து நின்றுவிட்டது, நாங்கள் குதிகாலைத் தரையில் குத்தி, கோதை அத்தையின் இடுப்பை நான் பிடிக்க, என் இடுப்பை ரேஷன் கடைக்காரர் பெண்டாட்டி பிடிக்க, அவள் இடுப்பை அவள் மாமியார் வாழ்க்கையில் முதல்முறையாகப் பிடிக்க, ஏலேலோ என்று ஒருத்தி கத்த, தெற்கே இருந்து அதே ஏலேலோ திரும்பிவர, தரையில் ஏதோ நெளிவதைப் பார்த்த மாஸ்டர் பயந்துபோய் விர் விர் என்று நிறுத்தச் சொல்லி ஊத, நாங்கள் இன்னும் ஓங்கி இழுக்க, அவர் மொபெட்டை முறுக்கிக்கொண்டு எங்களை நோக்கிப் பறந்துவந்தபடியே விர் விர் விர் விர் என்று விடாமல் ஊத, ஊத ஊத நாங்கள் இழுக்க, கண்மாய் முதலில் சுருங்கியது, பிறகு கருவேலங்காடு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அடுக்கிக்கொண்டது, ரோடு மடிந்தது, மாஸ்டரின் முன்சக்கரம் பஸ் ஸ்டாப்பில் வந்து ஏறவும் அவருடைய பின்சக்கரம் தட்டையாகித் தாம்பாளம் மாதிரி ஆகவும் சரியாக இருந்தது, அதன் பிறகு இழுப்பதற்கு எதுவும் இல்லை.

எங்கள் மூக்குக்கு நேராக, தலையில் வைத்த எண்ணெய் வாசம் தெரிகிற கிட்டத்தில், கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி சண்முகத்தாயும் காலனிப் பெண்களும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏ சம்முவத்தாயி," என்றாள் அத்தை. "மூக்குத்தி புதுசா?"

"பழசுதான் தலைவரம்மா. நீங்க கிட்ட வந்து பாத்ததில்ல."

பிறகுதான் யாரோ கேசரி எங்கே என்று கேட்டார்கள்.

கேசரி இல்லை, மன்றம் இல்லை, தவமணி இல்லை. பஸ் ஸ்டாப்பின் சிமெண்டுத் தரை முடிகிற இடத்தில் காலனியின் முதல் வீட்டு வாசல் ஆரம்பித்தது. நடுவில் கையளவுக்கு ஒரு கோடு, சேலையை மடித்துத் தைத்த மாதிரி ஒரு தையல். சண்முகத்தாய் மண்டியிட்டு அந்தக் கோட்டில் வாயை வைத்து, "ஏத்தா தவமணி!" என்று கத்தினாள். கொஞ்சம் கழித்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி பதில் வந்தது.

"இங்கதாம்மா இருக்கேன். யாரு கரண்ட்ட ஆஃப் பண்ணுனது?"

அழக்கூட மறந்து நின்ற தாய்க்கு, தவமணியே உள்ளிருந்து ஆறுதல் சொன்னாள். கொசுவம் வைத்த மாதிரி ஆகிவிட்டது, கொசுவத்துக்குள் போன துணி எங்கேயும் தொலையாது, மடிப்பை அவிழ்த்தால் வந்துவிடும், பதறவேண்டாம் என்றாள். நான் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். என் காலுக்குக் கீழே இருந்தவளை, தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று போன் சொன்னது.

மறுநாளே ஊர் பழகிக்கொண்டது, அல்லது பழகாமல் பழகிக்கொண்டது. டவுன் பஸ் டிரைவர் ஒன்றும் கேட்கவில்லை, வண்டியைத் திருப்புவதற்கு மட்டும் கொஞ்சம் இடம் போதவில்லை என்றார். காலனிப் பிள்ளைகள் முதல் நாள் வழக்கம்போலப் பொழுது விடியக் கிளம்பி, வாசலைத் தாண்டியதும் பஸ் ஸ்டாப்பில் நின்று, மீதி நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்தார்கள். ஊர்க் கோழிகள் காலனிக் கூரையில் முட்டையிட்டன. இங்கிட்டுத் தாளித்தால் அங்கிட்டுத் தும்மினார்கள். கறிவேப்பிலைக்குக் கை நீட்டினால் கறிவேப்பிலை வந்தது, கை யாருடையது என்று பார்க்க நேரமில்லாத சமயங்களில். குழாயடியில் மட்டும் பழைய வரிசைதான், ஊர்க் குடங்கள் முன்னால், காலனிக் குடங்கள் பின்னால். அரை மைல் நடக்காமல் வந்து அரை மணி நேரம் நின்றார்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து வந்த சர்வேயர் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்து, இந்த நிலம் இருக்கிறது, ஆனால் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ரெங்கராஜு மாமாவுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. "எட்ட நின்னு விளையாடச் சொன்னா எட்டயே இல்லாம பண்ணிட்டாளுக," என்றார். கமிட்டி கூடியது. கோட்டின்மேல் சுவர் எழுப்புவது என்று முடிவானது. கொத்தனார் வைத்த செங்கல் ஒவ்வொன்றாகக் கோட்டுக்குள் வழுக்கி உள்ளே போனது. வைக்க வைக்கப் போனது.

"யாரோ செங்கல் அனுப்புறாக," என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. "அடுப்புக் கட்டிக்கிட்டேன். போதும்னு சொல்லுங்க."

அப்படித்தான் தட்டையான சாமான் உள்ளே போகும் என்று கண்டுபிடித்தோம். தோசை போனது, அப்பளம் போனது, நியூஸ்பேப்பர் போனது. தண்ணீர் போகவில்லை. குடத்தை இறக்கினால் மடிப்பில் நசுங்கித் தகடாகப் போய்ச் சேர்ந்தது. பாட்டிலும் அப்படியே. துண்டை நனைத்து அனுப்பினால் போகிற வழியிலேயே பிழிபட்டு மொடமொடவென்று காய்ந்து போய் விழுந்தது. தவமணியிடம் இருந்தது அந்த இரண்டு பானைத் தண்ணீர்தான். முதலில் யாரும் அதை நினைக்கவில்லை. பிறகு எல்லோரும் அதை மட்டுமே நினைத்தோம்.

இப்போது குழப்பத்தைக் கவனியுங்கள். மடிப்பைத் திறந்தால் தவமணி வருவாள், அவளோடு அரை மைலும் வரும். திறக்கவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியது மாமாவும் கமிட்டியும். அவர்கள் கேட்டது தவமணியை அல்ல, தூரத்தை. ஆனால் தவமணியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். "பாவம், தவமணின்னு ஒரு பொம்பளப் புள்ள உள்ள கெடக்கு, இதுலயா வீம்பு?" என்றார் மாமா. அந்தப் பெண்பிள்ளையின் பெயர் அவர் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. நியாயமான காரியத்தை அநியாயமான ஆள் கேட்டால் என்ன பதில் சொல்வது? யுனிவர்சிட்டியில் எத்தனையோ பேரோடு வாதாடியிருக்கிறேன், இந்தக் கேள்வி எந்தப் பேப்பரிலும் வந்ததில்லை.

கமிட்டி முதலில் தானே முயன்று பார்த்தது. கயிற்றின் முனையை டிராக்டரில் கட்டி வடக்கே இழுத்தார்கள். டிராக்டர் வடக்கே போனது, பம்பர் மட்டும் அதோடு போகவில்லை. தரை அசையவில்லை. "எங்க கையால வச்ச கொசுவம்," என்றாள் சண்முகத்தாய், "எங்க கைக்குத்தான் அவுரும்." பிறகு யாரும் டிராக்டரைப் பற்றிப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம் அந்தக் கோட்டின் இரு பக்கமும் பாய் விரித்து நடந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள் அத்தை. "தவமணி, கேக்குதா?"

"கேக்குது தலைவரம்மா. ஒரு பானை காலி. இன்னொன்னுல அடியில கொஞ்சம் கெடக்கு."

"எந்தப் பானை காலி?" என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தி வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

"இருட்டுல ரெண்டும் ஒரே பானையாத்தான் இருக்கு மதினி," என்று கீழிருந்து பதில் வந்தது. காலனிப் பக்கம் சிரித்தது. எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் சிரித்துவிட்டுப் பிறகு இருமினார்கள்.

நான் எழுந்தேன். எழாமல் இருக்க எனக்குத் தெரியாது. தூரம் என்பது தானாக வந்ததல்ல, வைக்கப்பட்டது. வைத்தவர்கள் கையில் அதைத் திருப்பிக் கொடுப்பது அவமானம், ஆகவே திறக்கக்கூடாது என்றேன். அதே மூச்சில், ஒரு பெண்ணைக் காலுக்குக் கீழே போட்டுவிட்டு ஒன்றாக நிற்கிற ஊர் ஒரு ஊரே இல்லை, எந்த ஒற்றுமைக்கும் அடியில் ஏன் எப்போதும் ஒரு பெண்ணே கிடக்கவேண்டும், ஆகவே இந்த நிமிசமே திறக்கவேண்டும் என்றேன். கை தட்டுவார்கள் என்று நின்றேன்.

"வசு," என்றாள் சண்முகத்தாய், "நீ தொறக்கச் சொல்றியா, வேண்டாங்கறியா?"

"ரெண்டும்தான் அக்கா."

"படிச்ச புள்ள. ரெண்டு பரிட்சைக்கும் ஒரே நேரத்துல எழுதுது," என்றாள் யாரோ ஒருத்தி. உள்ளிருந்து தவமணியும் சிரித்தது கேட்டது; சிரிப்பின் முடிவில் தொண்டை வறண்டு இருமினாள்.

சண்முகத்தாய் எழுந்து சேலையை உதறினாள்.

"எம்மக வெளிய வரணும். அதுல பேச்சு கெடையாது. தூரம் வந்தா வரட்டும். ஆனா கொசுவத்த எங்கிட்டு அவுக்கறதுன்னு நான் சொல்லுவேன்."

"எங்கிட்டுன்னா?" என்றாள் அத்தை.

"பஸ் ஸ்டாப்புக்கு, ரேஷன் கடைக்கு, கொழாய்க்கு அங்கிட்டு. வடக்க."

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கும்தான். துணிக் கணக்கில் அது வராதே, மடிப்பு இருக்கிற இடத்தில்தானே பிரியும் என்றேன்.

"நீ சேலை கட்டுனாத்தான தெரியும், சுடிதாரு," என்றாள் சண்முகத்தாய். "கொசுவம் கோணலா விழுந்தா என்ன செய்வோம்? சேலையச் சுத்தி நகத்திவிடுவோம்ல? சேலை நகந்தா இடுப்பா நகருது? இடுப்பு இருந்த எடத்துலதான் இருக்கு. பஸ் ஸ்டாப்பு, கடை, கொழாயெல்லாம் இடுப்பு. தரைதான் சேலை."

"சரியாச் சொல்லுத," என்றது கீழிருந்து தவமணியின் குரல். "ஆனா முதல்ல நகத்துங்க, பெறகு அவுருங்க. மாத்திச் செஞ்சா நான் கிழிஞ்சிருவேன்."

கோதை அத்தை நெடுநேரம் வடக்கே பார்த்தாள். குழாயைத் தாண்டி அடுத்த வீடு அவளுடையது. கொசுவம் அவள் வாசலுக்கும் குழாய்க்கும் நடுவில் விழும். காலையில் எழுந்ததும் தண்ணீருக்கு அரை மைல்.

"அந்த மனுசன் குளிக்கவே ரெண்டு குடம் வேணுமே," என்றாள், யாரையும் பார்க்காமல்.

"எங்க வீட்லயும் குளிக்காக தலைவரம்மா."

அத்தை எழுந்து குழாயைத் தாண்டிப் போய் நின்றாள். ஏன் போனாள் என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். இருமல் சத்தம் தாங்கல என்று ஒருமுறையும், கூட்டத்தைச் சீக்கிரம் முடிக்கணும்ல என்று இன்னொரு முறையும் சொன்னாள்.

அடுத்த சண்டை வேறு மாதிரி. கொசுவத்தை நகர்த்த இரண்டு பேர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஒருத்தி நின்று மேலே பிடிக்கவேண்டும், ஒருத்தி காலடியில் உட்கார்ந்து கீழ்மடிப்பை நீவிவிட வேண்டும். யார் நிற்பது, யார் காலடியில் யார் உட்காருவது? வாய் திறந்து கேட்காமலே எல்லோரும் அவரவர் பழக்கத்துக்கு அசைந்தோம். காலனிப் பெண்கள் பாதி குனிந்துவிட்டார்கள். சண்முகத்தாய் மட்டும் குனியவில்லை.

"எனக்கு முட்டி வலி," என்றாள் அத்தை.

"எனக்கும்தான். பிடிக்கற எடம் எது, விடுற எடம் எதுன்னு நின்னு பாத்துச் சொல்லணும்னா அது நான்தான். எம்மக உள்ள இருக்கா."

கோதை அத்தை ஒரு கையைக் குழாய்க் கம்பத்தில் ஊன்றி, அம்மாடி என்று முனகியபடி உட்கார்ந்தாள். வெம்பூர்ப்பட்டியில் அப்படி ஒரு காட்சியை யாரும் பார்த்ததில்லை, பார்த்தவர்களும் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் உட்கார்ந்ததும் நாங்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். நின்ற கால்களுக்கு முன்னால் உட்கார்ந்த தலைகள். மாமா தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் திறக்கப்போகிறார்கள் என்றதும் சந்தோசப்பட்டு, இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று சொல்லி, ஒரு தூக்குவாளி மோர்கூடக் கொடுத்தனுப்பியிருந்தார். எங்கே திறக்கப்போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

நின்றவர்கள் கால் கட்டைவிரலால் தரையைக் கிள்ளிப் பிடித்தார்கள், நாங்கள் உள்ளங்கையால் நீவினோம், தரை முதலில் விறைப்பாக இருந்தது, பிறகு கஞ்சி போட்ட சேலை தண்ணீர் பட்டதும் இளகுவது மாதிரி இளகி, பஸ் ஸ்டாப்புக்கு அடியில் நகர்ந்து, ரேஷன் கடைக்கு அடியில் நகர்ந்து, குழாய் ஒருமுறை குலுங்க அதற்கடியிலும் நகர்ந்து வடக்கே வந்து நின்றது, அப்போது சண்முகத்தாய் "விடுங்கத்தா!" என்றாள், நாங்கள் விட்டோம், மடிப்பு மடிப்பாக விழுந்தது, கருவேலங்காடு படபடவென்று நிமிர்ந்தது, கண்மாய் பெருமூச்சு விட்டு விரிந்தது, ரோடு வெயிலில் பளபளத்துக்கொண்டு நீண்டது, மாமாவின் நாற்காலி சின்னதாகிச் சின்னதாகி அடுத்த ஊர்க்காரர் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆனது, அவர் எழுந்து நின்று கையை ஆட்டி ஏதோ கத்தினார், கத்தியது எங்களுக்கு வந்து சேரவில்லை.

நடுவில் மன்றக் கட்டடம் நின்றது. கதவைத் திறந்துகொண்டு தவமணி வந்தாள். கண் கூச, உதடு வெடித்து, முடியெல்லாம் கரிப்பொடியோடு, கால் மைல் நடந்து வந்தாள். சண்முகத்தாய் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள, அவளையும் இழுத்துக்கொண்டு நேராகக் குழாயடிக்கு வந்து, வரிசையைப் பார்க்காமல், வாயை வைத்துக் குடித்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். குடங்கள் எல்லாம் அப்படியே நின்றன.

"இப்ப நான் வீட்டுக்கு நடந்தா போகணும்?" என்றாள் கோதை அத்தை, முட்டியைத் தடவிக்கொண்டு.

"ஆமா தலைவரம்மா. நடுவுல மன்றம் இருக்கு. கொஞ்சம் உக்காந்து போங்க," என்றாள் சண்முகத்தாய்.

மறுநாள் காலையில் ஊர் நடந்தது. குடத்தோடு நடந்தது, ரேஷன் பையோடு நடந்தது, கருவேல முள்ளைச் செருப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு நடந்தது. மாமா குடை பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "நீ படிச்சவ, சொல்லு. இது நியாயமா?" என்றார். நியாயத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதும் அதுவே முதல் தடவை. நான் வேகமாக நடந்தேன். கஷ்டம் என்னவென்றால், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நடந்தேன். தூரத்தை இல்லாமல் செய்ய முடிந்த கைகள் அதை ஏன் திரும்ப விரித்தன? நடக்கிற ஆள் மாறியதற்குப் பெயர் நியாயமா? மாறாமல் இருந்திருந்தால் மட்டும் நியாயமா? நடக்க நடக்க ஒரு பேச்சே தயாராகிவிட்டது எனக்குள்.

பஸ் ஸ்டாப்பில் தவமணி உட்கார்ந்திருந்தாள், டவுனுக்கு நூல் வாங்கப் போகிறாள். மூச்சு வாங்க அவள் எதிரில் நின்று அவ்வளவையும் சொன்னேன். அவள் தலையாட்டிக் கேட்டாள்.

"நல்லாத்தான் பேசுற வசு. உள்ள இருந்தப்பயும் ஒம் பேச்சு நல்லாக் கேட்டுச்சு. எல்லார் பேச்சும் கேட்டுச்சு. ஒரு விசயம் தெரியுமா, அங்கேருந்து கேட்டா எது ஊர்ப் பேச்சு, எது காலனிப் பேச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஒரே ஆளு பேசுற மாதிரி இருக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றேன் ஆவேசமாக. "எல்லாரும் ஒன்னுதான்னு..."

"இரு. நானும் மொதல்ல அப்படித்தான் சந்தோசப்பட்டேன். பெறகு என்னைக்குத் தண்ணி தீருமோன்னு படுத்துக் கெடக்கறப்ப, மேல அந்த ஒரே ஆளு பேசிக்கிட்டே இருந்தாரு பாரு, அப்ப சந்தோசமா இல்ல."

பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் எனக்காகப் பையை வைத்தாள். நான் படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி, அவளுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"ஏறும்மா, ஏறு," என்றார் கண்டக்டர். "பேசறத உள்ள வந்து பேசு."